ஊதிக்கொண்டிருந்த லேப்காரர்

டாக்டரே, நீங்கள் அவசரப்பட்டு என் மனைவியின் மார்பை வெட்டி எறிந்துவிட்டு, பழியை லேப்காரர் மேல் போட்டீர்கள்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், சங்கரன்கோவிலில் உங்கள் ஆஸ்பத்திரியில்தான் அவரைப் பார்த்தேன். ஒல்லியான ஆள், விரல் நுனியெல்லாம் சாயக்கறை. ஆபரேஷன் நடக்கும்போதே என் மனைவியின் மார்புக் கட்டியில் ஒரு துண்டு அவரிடம் வந்தது. அதன்மேல் குளிர்ந்த கேஸைப் பீய்ச்சி உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிப் பார்த்தால்தான் புற்றா இல்லையா என்று தெரியும். துண்டு அளவுக்கு மீறி உறைந்து, சீவச் சீவ நொறுங்கியது. அவர் குனிந்து அதன்மேல் வாயால் ஊதிக்கொண்டே இருந்தார்.

"என்னவே, அடுப்பா ஊதுதீரு?" என்று வாசலில் நின்று கத்தினேன்.

"மூச்சுச் சூட்டுல கொஞ்சம் இளகணும் அண்ணாச்சி. டாக்டரை இன்னும் பத்து நிமிஷம் பொறுக்கச் சொல்லியிருக்கேன். நொறுங்குனத வச்சு ஒரு பொம்பளைய வெட்டச் சொல்லுதியளா?"

கடைசியில் முழுசாக ஒரு சீவலைக் கண்ணாடியில் ஏற்றி, சாயமிட்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடினார். அதற்குள் நீங்கள் வெட்டி முடித்திருந்தீர்கள். பிறகு நீங்களே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சாதாரணக் கட்டிதான் என்றீர்கள். தாமதம் செய்தார் என்று மறுநாளே அவரை வேலையை விட்டு அனுப்பினீர்கள். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவரைப் பார்த்துக் கத்தியதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பத்து நிமிஷம் ஏன் பொறுக்கவில்லை? உங்கள் ஆஸ்பத்திரி வாசலில், ஊர் கேட்க, பதில் சொல்லுங்கள்.