வெறும் கூட்டை எண்ணாதே

தூக்கக் கலக்கத்தில் ஏதோ கேட்டிருக்கும் என்பீர்கள். நானும் அப்படித்தான் மனதைத் தேற்றிப் பார்த்தேன். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். நான் தூங்கவே இல்லை.

நானும் என் கணவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் பிஎச்.டி. செய்தோம். ஏரித் தண்ணீரில் இருக்கும் நீர்த்தெள்ளு என்ற சிற்றுயிர்களை எண்ணுவதுதான் வேலை. கடுகில் பாதிகூட இருக்காது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நான் "ஒண்ணு" என்பேன். அவர் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, அழுத்த அழுத்த ஒவ்வொரு எண்ணாகக் கூடும் கைக் கவுன்ட்டரை அழுத்துவார். க்ளிக். தெள்ளு உரித்துப் போட்ட வெறும் கூட்டையும் அவசரத்தில் சேர்த்து எண்ணிவிடுவேன்.

"டாக்டரம்மா, நாம எண்ணுறது ஆளை. காலி வீட்டை இல்ல," என்று கிண்டல் செய்வார்.

நான்கு மாதங்களுக்கு முன் ஏரியிலிருந்து திரும்பும்போது அவர் பைக்கில் லாரி மோதியது. அவர் பிழைக்கவில்லை. பெட்டியில் இருந்த மூன்று ஏரித் தண்ணீர் பாட்டில்களில் ஒன்றுகூட உடையவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள அந்த மூணையும் எண்ணிக் குடுத்துடும்மா. அதுக்கு மேல அவன் பேர்ல தீசிஸ் வாங்க மாட்டாங்க," என்று அந்த ஞாயிறு காலை போனில் சொன்னார் எங்கள் கைடு.

மதியம் 2.20. ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை. கதவை உள்ளே தாழிட்டேன். கவுன்ட்டர் விபத்தில் தொலைந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம். அதனால் தாளில் கோடு போட்டு எண்ணினேன்.

4.35. மூன்றாவது பாட்டில். பழக்கதோஷம்... வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"ஒண்ணு."

க்ளிக்.

ஃப்ரிட்ஜ் சத்தமாக இருக்கும்.

"ஒண்ணு."

க்ளிக்.

என் முதுகுக்குப் பின்னால். ஸ்டூல் இருக்கும் இடத்தில்.

நான் திரும்பவில்லை. பயம்தான். திரும்பினால் அது நின்றுவிடுமோ என்ற பயம்.

5.10. வெளிச்சம் குறைந்தது. விளக்குப் போடவும் எழவில்லை.

"ஒண்ணு."

சத்தம் இல்லை.

"ஒண்ணு..." மறுபடி சொன்னேன். "போயிட்டீங்களா?"



லென்ஸைத் திருகி உற்றுப் பார்த்தேன்.

வெறும் கூடு.

தட்டை நகர்த்தினேன். அடுத்தது.

"ஒண்ணு."

க்ளிக்.

5.52. கடைசித் தெள்ளு.

"முடிஞ்சிடுச்சுங்க," என்று திரும்பினேன்.

ஸ்டூல் காலி.

மூன்றாவது பாட்டிலுக்குத் தாளில் 214 கோடுகள். மறுநாள் காலை 9.40-க்குக் கைடிடம் கணக்கைக் கொடுத்தேன். தீசிஸின் முதல் பக்கத்தில் என் கணவர் பெயரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"குடுத்துட்டியாம்மா?" என்றார் அத்தை, அவருடைய அம்மா.

"குடுத்துட்டேன் அத்தை."

அத்தை பீரோவைத் திறந்தார். விபத்தன்று மருத்துவமனையில் கொடுத்த, அவர் பொருள்கள் அடங்கிய பை. நான்கு மாதமாக அதைப் பிரிக்க எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை. ஒட்டிய சீல் அப்படியே இருந்தது. அத்தையே கத்தரித்தார். கைக்கடிகாரம், பர்ஸ், சாவிக்கொத்து... அடியில் சின்னதாக ஒன்று.

"இது என்னம்மா, ஏதோ நம்பர் காட்டுது?"

வாங்கிப் பார்த்தேன். அவர் கவுன்ட்டர்.

0214.