பதினோரு வரி இரவல்

"நாலு வரி செட்டிங்ஸுக்குத் தனியா ஒரு ஊடு கேக்குதா உனக்கு?" என்றார் எங்கள் சீனியர். அறையில் இருந்த மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அது நாலு வரி இல்லை, முந்நூற்றுச் சொச்சம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கண்ட்ரோல் பேனல் செய்யும் தொழிற்சாலை அது. பேனலுக்குள் ஓடும் நிரலை எழுத நாங்கள் நான்கு பேர். ஷிப்டுக்கு ஷிப்ட் உட்காரும் கம்ப்யூட்டர் மாறும். எழுத்து எந்த நிறத்தில் தெரிய வேண்டும், எந்தச் சுருக்கத்தைத் தட்டினால் எந்தக் கட்டளை ஓட வேண்டும் என்று சொல்லும் என் சொந்த செட்டிங்ஸ் கோப்புகளை, கம்பெனி நிரலையெல்லாம் சேமித்து வைக்கும் ரெப்பாசிட்டரியிலேயே என் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருந்தேன். எங்கே உட்கார்ந்தாலும் அதிலிருந்து இறக்கிக்கொள்வேன்.

ரெப்பாசிட்டரி எதையும் மறக்காது. ஒவ்வொரு மாற்றத்தையும், அது நடந்த தேதியையும், ஏன் மாற்றினோம் என்று எழுதும் குறிப்பையும் அப்படியே வைத்திருக்கும். மற்றவர்கள் 'சரி செய்தது' என்று முடித்துக்கொள்வார்கள். நான் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, கதையே எழுதியிருந்தேன். 'இந்தக் கட்டளை தெரியாமல் இன்று எல்லார் முன்னாலும் முழித்தேன். இனி முழிக்க மாட்டேன்.' எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. தெரியாததை வீட்டில் கேட்க முடியாது. அலுவலகத்தில் கேட்டால் சிரிப்பார்கள். நான் கற்றதற்கு அந்தக் குறிப்புகளை விட்டால் வேறு சாட்சி இல்லை.

சொந்த ஃபோல்டர்களை எல்லாம் வெள்ளிக்கிழமை அழிக்கப்போவதாக உத்தரவு வந்தது. என்னுடையதைத் தனி ரெப்பாசிட்டரியாக எடுத்துப்போகிறேன் என்றேன்; அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

"பென் டிரைவ்ல காப்பி பண்ணிக்கினு போ மா. இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்க?" என்றார் சீனியர்.

"காப்பி பண்ணா இன்னிக்கி இருக்கற கோப்பு மட்டும்தான் சார் வரும். மூணு வருஷம் வராது."

"மூணு வருஷத்த எடுத்துக்கினு போயி ஊறுகா போடப் போறியா?"

வரலாற்றோடு வெளியே எடுத்துப்போக மேனேஜரிடம் அனுமதி கேட்டேன். கம்பெனி நிரலின் ஒரு வரிகூட அதில் இல்லை என்று காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். ரெப்பாசிட்டரியின் வரலாறு முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி, என் ஃபோல்டரை மட்டும் வடிகட்ட ஒரு கருவி உண்டு. அதை ஓட்டினேன். தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. என் கோப்பின் முதல் வடிவம் என் ஃபோல்டருக்கு வெளியே இருக்கிறதாம். தேடிப் பார்த்தால், நான் சேர்ந்த முதல் வாரம் சீனியர் தன் செட்டிங்ஸ் கோப்பை என் ஃபோல்டருக்கு நகலெடுத்துக் கொடுத்திருக்கிறார். பதினோரு வரிகள். நான் மறந்தே போயிருந்தேன்.

"பாத்தியா! ஊடு கட்டப் போறாளாம், அஸ்திவாரமே என்னுது!"

அது உண்மைதான் என்பதே கோபமாக இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் அப்பாவிடம் சொன்னேன். அவர் பக்கத்து ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் ஃபிட்டர். மடியில் அவருடைய ஸ்பேனர் பை இருந்தது.

"உட்டுடு மா. கம்பெனிகாரங்களோட இன்னாத்துக்குப் பேஜாரு?"

"நீ உன் ஸ்பேனர உட்டுட்டு வருவியா நைனா?"

பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். விடமாட்டார். தினமும் காலையில் மில் கேட்டில் செக்யூரிட்டி அந்தப் பையைக் கொட்டி எண்ணி எழுதுவார். எழுதாதது சாயங்காலம் வெளியே வராது. கூட வேலை செய்பவரின் ஸ்பேனர் ஒன்று அதில் இருந்தால், அதையும் 'இரவல்' என்று எழுத வைப்பார் அப்பா. இரவல் இருப்பதால் பை அவருடையது இல்லை என்று யாரும் சொன்னதில்லை.

மறுநாள் காலி ரெப்பாசிட்டரி ஒன்றை உருவாக்கி, சீனியரின் பதினோரு வரிகளை முதலில் போட்டேன். குறிப்பில் 'இவை சீனியருடையவை. இரவல்' என்று எழுதினேன். அதற்குப் பிறகு நடந்த மாற்றங்களை மட்டும் வடிகட்டி அதன்மேல் ஏற்றினேன். இந்த முறை நிற்கவில்லை. மூன்று வருடமும் வந்து இறங்கியது, நான் முழித்த நாட்கள் உட்பட.

ஒவ்வொரு வரியும் யாருடையது என்று காட்டும் கட்டளையை ஓட்டி, சீனியரைக் கூப்பிட்டேன்.

"உங்க பதினொன்னுல ரெண்டுதான் சார் மிச்சம். நல்ல வரி, அதனால வெச்சிருக்கேன்."

திரையைக் குனிந்து பார்த்தார். "மத்ததெல்லாம் இன்னா ஆச்சு?"

"மாத்திட்டேன். ஏன்னு எழுதியிருக்கேன், படிச்சிப் பாருங்க."

நின்றபடியே படித்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மீதியையும் படித்தார்.

மேனேஜர் ஒவ்வொரு கோப்பாகத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, வெளியே எடுத்துப்போகும் சீட்டில் கையெழுத்துப் போட்டார். காலையில் உள்ளே வரும்போதே எங்கள் கேட்டில் 'பென் டிரைவ் ஒன்று, காலி' என்று எழுதியிருந்தேன். போகும்போது அதில் என் ரெப்பாசிட்டரி இருந்தது. செக்யூரிட்டி நோட்டை நீட்டி, "இப்ப இன்னா எழுதறது மா?" என்றார். நானே வாங்கி, 'என் செட்டிங்ஸ்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, யாரும் பார்க்கும்படி அந்த ரெப்பாசிட்டரியை இணையத்தில் ஏற்றினேன். சென்னையில் ஒரு வேலைக்கு நான் நிரப்பத் தொடங்கிய விண்ணப்பம், சான்றாகக் காட்ட ஒன்றும் இல்லாமல் பாதியில் நின்றிருந்தது. 'அனுபவச் சான்று' என்ற இடத்தில் அதன் முகவரியைத் தட்டி, அப்போதே அனுப்பிவிட்டேன்.