கொசு சார் ஒளித்துவைத்த ஏரி

பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் மூன்றாவது மேஜை அவருடையது. முதல் மேஜையில் விமான டிக்கெட், இரண்டாவதில் விசா. எங்கே போவது என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள் மூன்றாவது மேஜைக்கு வருவார்கள். அவர்கள் எழுந்திருக்கத்தான் நேரமாகும் என்பதால் அங்கே மட்டும் மெத்தை வைத்த நாற்காலி. அவருக்கல்ல, வருகிறவர்களுக்கு.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்.

"ஒரு மாசம் வெளிநாடு போறோம் சார். அழகா இருக்கணும். கூட்டம் மட்டும் இருக்கவே கூடாது."

அவர் தலையாட்டிக்கொண்டே காத்திருப்பார். மிச்சம் தானாக வரும்.

"ஆனா இறங்கி நடந்தா கடைத்தெரு இருக்கணும். போட்டோ போட்டா நாலு பேர் 'அட, அங்கயா போயிருக்கீங்க'ன்னு கேக்கணும்."

அதாவது நாலு பேருக்குத் தெரிந்த, ஆனால் அந்த நாலு பேரும் போகாத இடம். "தான் போனா கூட்டமில்ல, அடுத்தவன் வந்தாத்தான் கூட்டம்" என்பார் பக்கத்து மேஜை விசா அம்மாவிடம்.

இடம் பார்ப்பதில் அவருக்குத் தனிக் கண். விளம்பரப் படத்தில் கடற்கரை வெறிச்சோடிக் கிடந்தால் மயங்க மாட்டார். மூலையில் குப்பைத்தொட்டி இருக்கிறதா என்று தேடுவார். "இவ்ளோ பெரிய தொட்டி யாருக்கு? நண்டுக்கா?" படகுத்துறையில் வரிசையில் நிற்கக் கம்பி கட்டியிருந்தால் படத்தையே கவிழ்த்துவிடுவார்.

அந்தக் கண்ணுக்குப் பிடித்த இடம் ஒன்றே ஒன்று. பல வருஷங்களுக்கு முன் ஹோட்டல்களைப் பார்த்துவரச் சொல்லி அலுவலகமே அவரை ஒரு நாட்டுக்கு அனுப்பியது. கடைசி நாள் தவறான பஸ்ஸில் ஏறி, தூங்கிப்போய், கடைசி நிறுத்தத்தில் கண் விழித்தார். எதிரே ஏரி. மூன்று பக்கமும் மலை, ஒரு பக்கம் ஒரு சின்ன விடுதி, அக்கரைக்குப் போக ஒரு படகு. துறையில் ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் உட்காரும் இடத்தில்கூட பெயின்ட் தேய்ந்திருக்கவில்லை. அதைத் தடவிப் பார்த்தபோதே முடிவு செய்துவிட்டார், இது அவளுக்கு என்று.

அவள் என்றால் அவர் மனைவி. மழலையர் பள்ளி ஆசிரியை. காலையிலிருந்து மதியம் வரை, "மிஸ், இவன் என் பென்சிலைக் கடிச்சுட்டான்", "மிஸ், என் ஷூ கழண்டுடுச்சு", "மிஸ்... ஒண்ணுமில்ல மிஸ்." இதில் மூன்றாவதுதான் ஆளைக் கொல்லும் என்பாள். காய்கறிக் கடையில் பெற்றோர் கூப்பிடுவார்கள். பல் டாக்டர் வீட்டுப் பிள்ளையும் அவளிடமே படித்ததால், அவள் வாயைத் திறந்து படுத்திருக்கும்போது அவரும் "மிஸ்" என்றுதான் ஆரம்பிப்பார். வீட்டுக்கு வந்ததும் டி.வி.யைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு அதன் எதிரே உட்கார்ந்துவிடுவாள். காப்பி வேண்டுமா என்று அவர் சைகையில்தான் கேட்பார்.

"என்னை யாரும் எதுக்கும் கூப்பிடாத இடத்துல ஒரு மாசம் உக்காரணும்ங்க."

"கூட்டிட்டுப் போறேன்."

"நீங்களும் கூப்பிடக் கூடாது."

"சரி."

அந்த 'சரி'யைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவர் ஒரு வேலை செய்தார். அலுவலகத்தின் விளம்பரப் புத்தகத்தில் ஒரு மூலையில் அந்த ஏரியின் படம் தபால்தலை அளவில் இருந்தது. யாராவது அதன்மேல் விரலை வைத்தால், அவர் முன்னால் குனிந்து, குடும்பத்தில் இருக்கும் வியாதியைச் சொல்வதுபோல மெதுவாகச் சொல்வார்:

"கொசு சார்."

விரல் உடனே நகர்ந்துவிடும். உண்மையில் அந்த ஊர்க் குளிரில் கொசு வந்தால் கொசுவுக்குத்தான் சளி பிடிக்கும். ஆனால் இதை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? புதுமணத் தம்பதிக்குச் சொன்னார், ஓய்வு பெற்றவர்களுக்குச் சொன்னார், மேனேஜரின் மைத்துனருக்குக்கூடச் சொன்னார். அலுவலகத்தில் அவருக்குக் 'கொசு சார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இந்த வருஷம் பள்ளிக் கட்டடத்தை இடித்துக் கட்டுவதாக அறிவித்தார்கள். நீண்ட விடுமுறை. கொசு சார் அன்றைக்கே முதல் மேஜையில் டிக்கெட் எடுத்தார், திருப்பிக் கொடுக்க முடியாத ரகத்தில். அதன்பிறகுதான் விடுதிக்குப் போன் செய்தார். விடுதியை நடத்தும் அம்மாளுக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு மொழி அரைகுறையாகத் தெரியும். பேசியதன் சாரம் இதுதான்.

"அந்த மாசம் ரூமா? நான் அதுக்கு முன்னாடியே, இந்த சீசனோட மூடுறேனே. கிடங்குக்குக் கேக்கறாங்க, குடுத்துடப் போறேன்."

"ஏம்மா, அவ்ளோ நல்ல இடம்?"

"ஆள் வந்தாத்தானே? உங்க ஊர்ல இருந்துதான் முன்னெல்லாம் வருவாங்க. இப்ப ஒரு ஈ காக்கா இல்ல. போன வருஷம் ஒருத்தர் தப்பித் தவறி வந்தார், பெட்டி நிறைய கொசுவத்தியோட. டிராவல்ஸ்ல எவனோ சொன்னானாம். அந்த ஆள் மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல லைன் அத்தனை தெளிவாக இருந்தது.

வீட்டில் கொசு விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. ஒரு சட்டையை மட்டும் மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அப்ப நான் உக்காரப் போற இடத்துக்கு நீங்களே பூட்டு போட்டுட்டீங்க."

"உனக்காகத்தாம்மா சொன்னேன்."

"எனக்காக ஊர் ஊரா கொசு விட்டிருக்கீங்க. சந்தோஷம்."

"வேற நல்ல இடமா பாக்கட்டுமா?"

"வேற இடத்துல எல்லாம் யார் இருப்பா? நீங்க அனுப்பின ஆளுங்கதான் இருப்பாங்க! போன தடவை கடல்ல காலை வெச்சேன், அலைக்குள்ள இருந்து ஒரு தலை வந்து 'மிஸ், சௌக்கியமா'ங்குது." சட்டையை அடுக்கில் வைத்தாள். "கெடுத்தது உங்க வாய். அதையே வெச்சு சரி பண்ணுங்க."

மறுநாள் விடுதியம்மாவிடம் மறுபடி பேசினார். சீசன் முடியும்வரை அறைகள் நிறைந்தால் மூடுவதில்லை, ஆனால் இவர்கள் இருவரும் வரும் மாதமும் நிறைந்திருக்க வேண்டும் என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். ஆக, இனி ஆள் அனுப்பவும் வேண்டும், அனுப்பும் ஆள் வாயைத் திறக்காதவராகவும் இருக்க வேண்டும்.

முதலில் மாட்டியவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

"இந்த ஏரியைப் பாருங்க சார். கூட்டமே கிடையாது."

"போன வருஷம் இதைக் காட்டினப்ப கொசுன்னு சொன்னீங்களே?"

"இப்ப இல்ல சார்."

"இல்லைன்னா? எங்க போச்சு?"

கொசு சார் விளம்பரப் புத்தகத்தைப் புரட்டினார். விசா அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "விசா முடிஞ்சிருக்கும் சார். திருப்பி அனுப்பிட்டாங்க."

கடைக்காரர் சிரித்துவிட்டார். சிரித்தவர் யோசித்தார், யோசித்தவர் இரண்டு பேருக்குப் பதிவு செய்துகொண்டார். சத்தமாகச் சிரித்தது கொஞ்சம் உறுத்தினாலும், முதல் ஆளையே தட்டிக்கழிக்க வேண்டாம் என்று கொசு சார் விட்டுவிட்டார்.

அதற்குப்பிறகு ஒரு சோதனை வைத்தார். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் எதிரில் இருப்பவர் வெயிலைப் பற்றியோ அரசாங்கத்தைப் பற்றியோ ஆரம்பித்தால் தோல்வி. கோர்ட்டில் பிறர் பேச்சையெல்லாம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக் கொசு சாருக்கு எழுந்து கைகொடுக்கத் தோன்றியது. ஒரு பத்திரிகையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படித்த அக்காவும் தங்கையும் தேறினார்கள். ஸ்பீக்கரில் போட்டு மாமனாரோடு சண்டை பிடித்த ஒரு கான்ட்ராக்டர் தானாகவே ஏரிப் படத்தில் விரலை வைத்தார். அவரைப் பார்த்ததும் கொசு சாரின் வாய் பழக்கத்தில் பழைய தடத்துக்கே போய்விட்டது.

"என்னய்யா, ஒருத்தருக்குக் கொசு இருக்கு, ஒருத்தருக்கு இல்லையா?" என்றார் மேனேஜர்.

"ரத்தத்தைப் பொறுத்தது சார்."

அறைகள் நிறைந்தன. சீசன் ஓடியது. கிடங்குக்காரர்களை அனுப்பிவிட்டதாக விடுதியம்மா சொன்னபோது, கொசு சார் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் சைகையில் தெரிவித்தார். அவளும் கட்டை விரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.

போய் இறங்கினார்கள். ஏரி அப்படியே இருந்தது. முதல் நாளே அவள் ஒரு பிரம்பு நாற்காலியைத் தண்ணீர்க்கரைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள்தான். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைத் தவிர மற்ற அறைக்காரர்கள் எல்லோரும் அவர் பொறுக்கி எடுத்த ஆட்கள், ஒரு வார்த்தை அதிகம் பேசாதவர்கள்.

அதில்தான் சிக்கல். பேசக் கூச்சப்படுகிறவர்கள் முன்பின் தெரியாதவர்களிடம் பேச மாட்டார்கள். விடுதியம்மாவின் மொழியும் அவர்களுக்குத் தெரியாது. அந்த ஊரில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே முகம் கொசு சார்.

"சார்... சுடுதண்ணி வரலை." கோர்ட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, அவராகக் கவனிக்கும்வரை காத்திருந்து சொன்னார்.

"சார், துண்டு ஈரமா இருக்கு." அக்கா.

"சார், எனக்கும்." தங்கை, ஒரு மணி நேரம் கழித்து.

படகு எப்போது வரும், பல்பு ஏன் மினுக்குகிறது, ஜன்னலை எப்படித் திறப்பது. எல்லாம் காதோடு காதாக, மிக மரியாதையாக. விடுதியம்மா அவரை விடுதியின் வேலையாள் போலவே நடத்திப் பழகி, இரண்டாம் வாரம் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டாள். கொசுக் கதை கட்டிய 'அந்த ஆள்' இவர்தான் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. தெரியாமல் இருக்க அவர் குழாய்கூட மாட்டத் தயாராக இருந்தார்.

ஒரு காலை, ஷேவ் செய்துகொண்டிருந்தவர் ஜன்னல் வழியே பார்த்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தண்ணீர்க்கரையை நோக்கி, நேராக அந்த நாற்காலியை நோக்கி, நடந்துகொண்டிருந்தார். கொசு சார் பாதி முகம் நுரையோடு, செருப்பில்லாமல், ஈரப்புல்லில் ஓடிப் போய்க் குறுக்கே நின்றார்.

"எங்க சார்?"

"அவங்க உங்க வீட்டம்மாதானே? அக்கரையில கடை ஏதாவது இருக்கான்னு ஒரு வார்த்தை..."

"எதுன்னாலும் என்கிட்ட கேளுங்க."

"இல்ல, பாவம், நீங்க லீவுல வந்திருக்கீங்க. உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு பாத்தேன்."

"யாரு சொன்னா? லீவு அவங்களுக்கு. நான் டூட்டியில இருக்கேன்."

கடைக்காரரின் தோளைப் பிடித்துத் திருப்பி, விடுதிப் பக்கமாக நடத்திக்கொண்டு போனார். கடை கிடையாது, ஆனால் படகுக்காரன் சொன்னால் வாங்கி வருவான், என்ன வேண்டும் என்று கேட்டார். பின்னால் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியை மட்டும் வெயில் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.