கிண்ணத்தில் மிஞ்சிய இரண்டு துண்டு

எழுபத்தெட்டாம் வருடத் தைப்பூசத்துக்கு முதல் நாள் ஈப்போவில் நடந்தது இது. சாமி காரியத்துக்குப் போன இடத்தில் வயிற்றைக் கேட்டுத் தங்க அறை பிடித்தவள் நான். அன்று பட்ட பாட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

ஏன் போனோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது நாங்கள் ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் தோட்டத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். முந்தின வருடம் ஒரு மழை நாளில் லாரி வாய்க்காலில் கவிழ்ந்து அவருடைய வலது கால் நசுங்கிவிட்டது. காலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். என் மாமியாரோ ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று, "எம் மகன் ரெண்டு காலோட வீட்டுக்கு வரணும் முருகா, ஈப்போவுக்கு வந்து ஒனக்குப் பால்குடம் எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டார். கால் பிழைத்தது. அவர் கம்பை ஊன்றிக்கொண்டு நடக்கவும் ஆரம்பித்தார்.

அத்தை நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தார். தனி அடுப்பு, தனிச் சட்டி, ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் பாய். வீட்டில் யாருக்கும் கறி மீன் கிடையாது. ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்த நாற்பத்தெட்டு நாளில் நாக்கு செத்துப் போய்விட்டது. நான் பிறவித் தீனிக்காரி. கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருடம் ஈப்போவில் தங்கித் தையல் படித்தேன். தையலைவிட அந்த ஊர்ச் சாப்பாட்டைத்தான் நன்றாகப் படித்தேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். எந்தத் தெருவில் எது ருசி என்பது எனக்குத் தண்ணி பட்ட பாடு. தூரத்தில் இருந்து ஒரு தட்டைப் பார்த்தாலே அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிற வழக்கமும் இருந்தது.

பூசத்துக்கு ஈப்போவிலேயே புந்தோங் பகுதியில் இருக்கும் இவருடைய தாய்மாமா வீட்டில் தங்குவதாகத்தான் ஏற்பாடு. பார்த்தால் அந்த வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டது. பால்குடம் எடுக்கிறவர் தீட்டு வீட்டில் தங்க முடியாது. கோயில் மண்டபத்தில் படுக்கலாம் என்றால், இவரால் தரையில் உட்கார்ந்து எழ முடியாது. "ஈப்போவையே அளந்தவ நீதானே, நீயே ஒரு எடம் பாரு புள்ள" என்று அத்தை பொறுப்பை என் தலையில் கட்டினார்.

நானும் தெலுக் அன்சனில் பஸ் மாறிப் போய், இரண்டு இடம் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்று கோயிலுக்குப் போகிற சாலையிலேயே இருந்தது. கீழே நம்மவர் நடத்தும் சைவச் சாப்பாட்டுக் கடை, மேலே அறைகள். சுத்தமான இடம், விரதக்காரர்களுக்கென்றே கட்டியது போல. ஆனால் அந்தக் கடைச் சாம்பாரை நான் தையல் படிக்கிற காலத்திலேயே அறிவேன். இன்னொன்று நகரத்தின் நடுவில் ஒரு சீனர் விடுதி. பழைய கட்டடம், ஏறினால் முனகுகிற மரப்படி. கீழே காப்பிக் கடை. எதிரே, அவித்த கோழியை வெட்டி வைத்துப் பக்கத்தில் ஒரு தட்டு முளைப்பயறு தருவார்களே, அந்தக் கடை. பூசத்தன்று பால்குடம் இறக்கியதும் எனக்கும் இவருக்கும் விரதம் முடிந்துவிடும். படியிறங்கினால் கோழி. இதற்கு மேல் நான் யோசிக்கவே இல்லை. வீட்டில் வந்து, கோயில் பக்கத்தில் இடமே கிடைக்கவில்லை என்று கூசாமல் பொய் சொன்னேன்.

முதல் நாள் மத்தியானம் மூன்று பேரும் போய் இறங்கினோம். கோழிக் கடை வாசனை தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. விடுதியைக் கவனித்துக்கொண்டது ஐம்பது வயதுச் சீன அம்மா. ஆ சோ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அத்தையைக் காட்டி, இவர் சாமிக்காக விரதம் இருக்கிறார், கறி மீன் ஆகாது என்று மலாயில் சொன்னேன். அவர் அத்தையை மேலும் கீழும் பார்த்துத் தலையாட்டினார்.

இவர் பால்குடத்துக்குப் பேர் கொடுக்க டாக்சியில் கோயிலுக்குப் போனார். நான் அத்தைக்குச் சாப்பாடு வாங்கக் கிளம்பினேன். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் குடிக்கவில்லை. வேண்டாம் என்று ஒதுக்கிய அதே சைவக் கடைக்குத்தான் கடைசியில் நடக்க வேண்டியிருந்தது. பூசக் கூட்டம் தெருவரை வரிசையில் நின்றது. இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பும்போதாவது நேரே வந்திருக்கலாம். நான் கோழிக் கடையில் நின்று, நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று விசாரித்துவிட்டு வந்தேன்.

விடுதிக்குள் நுழைந்தால், கீழே வட்ட மேசையில் அத்தை உட்கார்ந்திருந்தார். எதிரில் ஆ சோ. நடுவில் ஒரு பீங்கான் கிண்ணம். மீஹூன் என்கிற அரிசிச் சேமியா எல்லாம் காலி. அடியில் இரண்டு துண்டு மட்டும் மிஞ்சியிருந்தன. மெல்லிசாக வெட்டிய துண்டு, ஓரமெல்லாம் சிவப்பு, மேலே பளபளப்பு. எனக்கா தெரியாது? சார் சியூ. வாட்டிய பன்றி இறைச்சி.

"நல்ல மனசு புள்ள இவளுக்கு. பசியில ஒக்காந்திருந்தேன், பாத்துட்டுச் சூடா போட்டுக் குடுத்தா. இது என்னமோ காளான் மாதிரி மெத்துனு இருக்குலா" என்று சொல்லி, அந்த இரண்டு துண்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

என் கையில் இருந்த இட்லிப் பொட்டலம் நழுவிக் கீழே விழுந்தது. தோட்டத்தைவிட்டு அதிகம் வெளியே போகாதவர் அத்தை. சீனர் கடையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவருக்கு எப்படித் தெரியும்? நாற்பத்தெட்டு நாள் தவம். விடிந்தால் பால்குடம். அதுவும் யாருக்காக? என் புருஷன் காலுக்காக. சொன்னால் அத்தை உடைந்துபோவார், குடத்தைத் தொடவே மாட்டார். சொல்லாமல் மறைத்தால், வேண்டுதல் கெட்டு இவருக்கு மறுபடி ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். எல்லாம் என் பாழாய்ப்போன வயிற்றால் வந்தது. அந்தச் சாம்பாருக்கு என்ன குறை? இரண்டு நாள் தின்றால் செத்தா போய்விடுவேன்?

அத்தை குளிக்க மேலே போனார். நான் ஆ சோவிடம் பாய்ந்தேன். விரதம் என்று சொல்லியும் பன்றியைப் போட்டிருக்கிறாயே, உனக்கு நெஞ்சில் ஈரம் இல்லையா என்று மலாயும் தமிழுமாகக் கத்தினேன். காப்பிக் கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆ சோவின் முகம் சிவந்துவிட்டது. திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று பின்கட்டு அடுப்படிக்கு இழுத்துப் போனார்.

அங்கே ஒரு மூலையில் அம்மன் சிலை மாதிரி ஒரு வெள்ளைச் சிலை, முன்னால் ஊதுபத்தி, ஆரஞ்சுப் பழம். பக்கத்தில் தினம் ஒரு தாளாகக் கிழிக்கும் சீனக் காலண்டர். அதில் ஓர் எழுத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். இன்று சீன மாதத்தில் பதினைந்தாம் நாளாம். மாதாமாதம் ஒன்றாம் நாளும் பதினைந்தாம் நாளும் அவர் கறி மீன் தொடுவதில்லையாம். பிறகு அலமாரியிலிருந்து சிவப்பாக உருண்டையாக ஒன்றை எடுத்து, என் கண் முன்னால் வெட்டி என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"தெப்போங் லா! தெப்போங்!"

தெப்போங் என்றால் மாவு. பயந்துகொண்டே வாயில் போட்டேன். எத்தனையோ கறி தின்ற நாக்கு உடனே சொல்லிவிட்டது. கொழுப்பு இல்லை, நார் இல்லை. கோதுமை மாவைக் கழுவிக் கழுவிப் பசையாக்கி, சிவப்புச் சாயம் தடவிச் செய்தது. பூண்டு வாசம்கூட இல்லை. சாமி நாளில் பூண்டும் வெங்காயமும் சேர்க்கக் கூடாதாம். இதற்கென்றே சுவரில் தனியாக மாட்டி வைத்திருந்த வாணலியையும் காட்டினார். எங்கள் வீட்டு விரதச் சாம்பாரில் நாற்பத்தெட்டு நாளும் நான் வெங்காயம் போட்டிருந்தேன் என்பதை அப்போது அவரிடம் சொல்லவில்லை.

அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பாடா என்று நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். ஆ சோ என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார், பிறகு சிரித்தார், பிறகு எனக்கும் ஒரு கிண்ணம் மீஹூன் போட்டார்.

மறுநாள் காலை அத்தை பால்குடம் எடுத்தார். இவர் கம்பை ஊன்றிப் பக்கத்திலேயே நடந்தார். கோயில் வாசலில் கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, கடைசிப் படிகளைத் தன் இரண்டு காலால் ஏறினார். அதைப் பார்த்து அத்தை அழுத அழுகையில் குடத்துப் பால் தளும்பி அவர் தோளெல்லாம் வழிந்தது. பிறகு கோழி சாப்பிட்டாயா என்று நீங்கள் கேட்பீர்கள். சாப்பிட்டேன், இரண்டு தட்டு.

ஆனால் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் மனசு கேட்கவில்லை. இவர் தூங்கிய பிறகு, கோழிக்காக அறை பிடித்தது, பொய் சொன்னது, பன்றி என்று நினைத்துப் பதறியது எல்லாவற்றையும் அத்தையிடம் கொட்டிவிட்டேன்.

"கோழி வெசயம் எறங்குன அன்னிக்கே தெரியும்லா. எனக்கும் மூக்கு இருக்கு" என்றார். அதில் அவருக்குக் கோபம் இல்லை. அடுத்ததற்குத்தான் முகம் மாறியது. "அது என்ன, வச்சதை என்னன்னு கேக்காம திங்கிறவளா நானு? மொதல்ல துண்டைக் காட்டிக் கேட்டேன். எனக்கு மலாயும் வராது, அவளுக்குத் தமிழும் வராது. அவ என்னை உள்ள கூட்டிட்டுப் போயி சாமியக் காட்டினா, தனிச் சட்டியக் காட்டினா. நானும் வீட்டுல தனிச் சட்டிதான வச்சிருக்கேன்? கும்பிட்டுட்டு வந்து ஒக்காந்து சாப்பிட்டேன். ஒனக்குச் சந்தேகம்னா என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

மலாய் தெரியும், ஈப்போ தெரியும், தட்டைப் பார்த்தாலே தெரியும் என்று இருந்தவள் நான். என் கண் முன்னால் சாப்பிட்ட அத்தையிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கும் எந்த ஊருக்குப் போனாலும் அடுப்பு வாசனையைப் பிடித்துத்தான் தங்க இடம் தேடுகிறேன், அந்தக் குணம் போகாது. ஆனால் அடுத்தவர் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும், அதைச் சாப்பிடுகிறவரைக் கேட்காமல் நான் இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.