ஒரு விசிலுக்கு நின்ற ட்ராம்

நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். சென்னையில் ஒரு பள்ளியில் நான்கு வருடம் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவள் நான். ஹாஸ்டலில் தோழிகள் எல்லாரும் நாணயத்தின் மேல் விரல் வைத்து ஆவியோடு பேசிக்கொண்டிருந்தபோது, யார் விரல் தள்ளுகிறது என்று குனிந்து பார்த்து எல்லாரிடமும் திட்டு வாங்கியவள். பயந்தவள்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் என் பயமெல்லாம் கேஸை மூடினேனா, குழந்தைக்கு ஜுரமா, பால் திரிந்துவிட்டதா என்கிற வகைப் பயம். பேய்க்கெல்லாம் என்னிடம் நேரம் இருந்ததே இல்லை.

என் கணவர் செந்திலுக்கு ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டில் எஞ்சினியர் வேலை கிடைத்து, ஆறு மாதம் கழித்து நானும் பத்து மாதக் குழந்தை இனியாவும் போய்ச் சேர்ந்தோம். இரண்டாயிரத்துகளின் நடுவில், ஒரு நவம்பர் மாதம். இறங்கிய முதல் வாரம் எனக்கு அந்த ஊர் பிடிபடவே இல்லை. முதலில் சத்தமே இல்லை. ஹாரன் இல்லை, கூவி விற்பவர் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கடைகள்கூட இல்லை, ஊரே எங்கோ கிளம்பிப் போய்விட்டு எனக்கு மட்டும் சொல்லாமல் விட்டதுபோல் இருந்தது. ஒரு காரும் வராத தெருவில் சிவப்பு விளக்குக்காக நான்கு பேர் குளிரில் நின்றுகொண்டிருந்தார்கள். பேக்கரி வாசலில் தள்ளுவண்டியோடு குழந்தையை வெளியில் தூங்கவிட்டு ஒரு அம்மா உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தாள், அந்த வண்டிக்குப் பக்கத்தில் அவள் வரும்வரை நான் காவல் நின்றேன். வெளியே வந்தவள் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தாள். தண்ணீர் பாட்டில் என்று வாங்கிவந்ததில் பவுடர் பாலைக் கலக்கினால் நுரை பொங்கி வழிந்தது. அது சோடா. செந்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், எனக்கு அழுகையே வந்துவிட்டது. குழந்தைக்குக் கொடுத்திருந்தால்?

ஆனால் எல்லாவற்றையும்விட என்னைக் குழப்பியது ட்ராம். கண்டக்டர் கிடையாது. டிக்கெட்டை நாமே வாங்கி, நாமே அந்தப் பெட்டியில் நுழைத்து அச்சடித்துக்கொள்ள வேண்டும். யாரும் கேட்பதில்லை, யாரும் ஏறு, இறங்கு, உள்ளே தள்ளிப் போ என்று சொல்வதில்லை. நம் ஊர் பஸ்ஸில் ஏறினால் பத்துப் பேர் நம்மைக் கவனிப்பார்கள். இங்கே நாம் ஏறியதே யாருக்கும் தெரியாது.

அன்றைக்குத் திங்கட்கிழமை, காலை பத்தேகாலுக்குக் குழந்தை டாக்டரிடம் தடுப்பூசிக்கு நேரம் வாங்கியிருந்தோம். செந்திலுக்கு லீவு கிடைக்கவில்லை. "நீயே போயிடுவம்மா, ஒரே ட்ராம்தான், நாலாவது ஸ்டாப்பு" என்று காகிதத்தில் படம் வரைந்து கொடுத்தார். அவருடைய காலேஜ் காலத்து ட்ரெக்கிங் பையில் டயப்பர், ஃபிளாஸ்க், பருப்புசாத டப்பா, இரண்டு செட் துணி, ஊரில் போட்ட ஊசிகளின் கார்டு, பாஸ்போர்ட், எல்லாவற்றையும் அடைத்து முதுகில் மாட்டிக்கொண்டேன். கிளம்பும்போது செந்தில் பார்த்துவிட்டு, "ஏய், தாய்லாந்து சுத்தக் கிளம்பின வெள்ளைக்காரி மாதிரி இருக்க" என்றார். கையில் வரைபடம், முதுகில் மூட்டை, முகத்தில் முழி. சரியாகத்தான் சொன்னார்.

அது பழைய வகை ட்ராம், வாசலில் இரண்டு படி உண்டு. ஏறும்போது ஒரு இளைஞன் தள்ளுவண்டியின் முன்சக்கரத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டான். அப்புறம் அந்தப் பெட்டியில் மிச்சம் இருந்தது நாங்களும், முன்வரிசையில் நாயோடு உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாவும்தான். வெளியே பனிமூட்டம். நான் நிறுத்தங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன்.

நாலாவது நிறுத்தம் வந்தது. இங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். இதை வேறு ஊர்க்காரி யாரும் செய்திருக்க மாட்டாள். சென்னை பஸ்ஸில் குழந்தையோடு ஏறினால் என்ன செய்வோம்? உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு அம்மா கையை நீட்டிக் குழந்தையை மடியில் வாங்கிக்கொள்வாள். இறங்கும்போது நாம் மூட்டையோடு முதலில் இறங்கி, திரும்பிக் கையை நீட்டுவோம், மேலேயிருந்து குழந்தை நம் கைக்கு வரும். கண்டக்டர் பார்த்துக்கொண்டேயிருப்பார், குழந்தை கைமாறும்வரை விசில் அடிக்க மாட்டார். பத்து மாதமும் நான் அப்படித்தான் இறங்கிப் பழகியிருந்தேன். அன்றைக்கும், பையின் கனம் பின்னால் இழுத்ததால், தள்ளுவண்டியின் பிரேக்கை எடுத்துவிட்டு, நான் முதலில் இறங்கினேன். இறங்கி, திரும்பி, இரண்டு கையையும் மேலே நீட்டினேன்.

மேலே யாரும் இல்லை. கதவு மூடியது.

கண்ணாடிக்குப் பின்னால் இனியாவின் சிவப்புக் குல்லாய் தெரிந்தது. ட்ராம் நகர ஆரம்பித்தது. எனக்கு ஜெர்மன் வார்த்தை ஒன்றும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. கையை விரித்து ட்ராமின் பக்கவாட்டில் படார் படார் என்று அறைந்துகொண்டே, "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று கத்தினேன். சென்னையில் ஓடுகிற பஸ்ஸை நிறுத்தக் கத்துவோமே, அதே. ட்ராம் என் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

ஓடினேன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், தமிழில்: "என்ன, பிள்ளை உள்ளுக்கா? ஐயோ மாதாவே! பாக்கைக் கழட்டுங்கோ, நான் கொண்டு வாறன், நீங்க ஓடுங்கோ!" யார் என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் பையை உதறிவிட்டு ஓடினேன். அடுத்த நிறுத்தம் வளைவு தாண்டி எங்கோ இருந்தது. வளைவுகளில் ட்ராம் ஒரு பக்கமாகச் சாயும் என்பது நினைவுக்கு வந்தது. தள்ளுவண்டியின் பிரேக்கை நானேதான் எடுத்துவிட்டேன் என்பதும், வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி அந்தப் படிகள் இறங்குகின்றன என்பதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இயற்பியல் படித்ததன் பலன், அந்த வண்டி எப்படி உருண்டு எப்படிக் கவிழும் என்று ஓடும்போதே மனதில் தெரிந்தது.

வளைவுக்கு முன்னால், நிறுத்தமே இல்லாத இடத்தில், ட்ராம் நின்றது. கிரீச்சென்று, பலமாக.

நான் போய்ச் சேர்வதற்குள் கதவு திறந்திருந்தது. ஏறிப் பார்த்தேன். வண்டி நான் விட்ட இடத்திலேயே இருந்தது, அசையவில்லை. இனியா அழவில்லை. வாயில் கையை வைத்துக்கொண்டு, தலையை அண்ணாந்து, வண்டிக்குப் பக்கத்தில் ஆள் உயரத்தில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு கைப்பிடிக் கம்பிதான் இருந்தது. வண்டியை இழுத்தேன், வரவில்லை. குனிந்து பார்த்தேன். பிரேக் போட்டிருந்தது.

இதை நான் ஆயிரம் தடவை யோசித்துவிட்டேன். பிரேக்கை எடுத்தேனா இல்லையா? எடுத்தேன். அது ரொம்ப இறுக்கமான பிரேக், காலால் ஓங்கி மிதித்தால்தான் விழும், எடுக்கும்போதும் டக்கென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு இனியா திடுக்கிட்டதும் நினைவிருக்கிறது. நாய் வைத்திருந்த அம்மா நான் ஏறியபோதும் முன்வரிசையிலேயேதான் உட்கார்ந்திருந்தார்.

அதற்குள் டிரைவர் வந்துவிட்டார். முகமெல்லாம் சிவந்து என்னிடம் ஏதோ கேட்டார். என் பையைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தார் அந்தத் தமிழ்க்கார அக்கா. நாற்பது வயதிருக்கும், கழுத்தில் சிலுவைச் சங்கிலி. மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர், அந்தத் தெருவிலேயே ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை, பெயர் ஜசிந்தா என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

"விசில் அடிச்சது ஆர் எண்டு கேக்கிறார், தங்கச்சி."

"விசிலா? என்கிட்ட ஏதுக்கா விசில்?"

அவர்கள் மறுபடி பேசினார்கள். ஜசிந்தா அக்காவின் முகம் மாறியது. "தன்ர காதுக்குப் பக்கத்தில ஒருதரம், நீட்டா ஊதினதாம். கை தானாப் போய் பிரேக்கைப் போட்டுட்டுதாம். இவ்வளவு வருசத்தில ஸ்டொப் இல்லாத இடத்தில தான் நிப்பாட்டினதே இல்லையாம். பாக்கைத் திறந்து காட்டட்டாம்."

திறந்து காட்டினேன். டயப்பர், ஃபிளாஸ்க், பருப்புசாதம். டிரைவர் இனியாவின் கிலுகிலுப்பையைக்கூட எடுத்து ஆட்டிப் பார்த்தார். நாய்க்கார அம்மாவிடம் கேட்டார். அந்த அம்மா நிதானமாகச் சொன்னதை அக்கா அப்படியே என்னிடம் சொன்னார்: "விசில் தனக்கும் கேட்டதாம். பிள்ளைக்குக் கிட்ட ஆரும் நிக்கேல்லையாம். ஆனா பிள்ளை ஆரோடயோ விளையாடுற மாதிரி இருந்துதாம்."

அக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து வண்டியை இறக்கினோம். இனியாவை வண்டியிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். அக்காதான் என்னைச் சுவரோரமாக நிறுத்தி, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "வந்து எவ்வளவு காலம்? நல்லா டொச் கதைக்கிறியள்" என்றார்.

"எனக்கு ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாதுக்கா."

"பொய் சொல்லாதேங்கோ! 'ஹால்ட் ஆன், ஹால்ட் ஆன்' எண்டு கத்தினியள். நிப்பாட்டு எண்டுதானே அர்த்தம்?"

"அது மெட்ராஸ் பஸ்ஸுல கத்துறதுக்கா! ஹோல்டான்!"

அக்கா சிரித்துவிட்டார். நானும் சிரித்து, சிரிப்பிலேயே அழுதுவிட்டேன். பத்தேகாலுக்கு டாக்டரிடம் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, "நான் எல்லாம் ஒரு அம்மாவாக்கா?" என்று கேட்டேன். "விசரே உங்களுக்கு? பிள்ளை கையில இருக்கெல்லோ. டொக்டர் டெர்மினுக்கு நேரம் போகுது, நடவுங்கோ" என்றார்.

அப்போதுதான் ட்ராமின் கதவு மூடியது. அது நகர்வதற்கு முன்னால், நம்பினால் நம்புங்கள், இரண்டு விசில் கேட்டது. பீ, பீ. குட்டையாக, அடுத்தடுத்து. உள்ளேயிருந்து. அதற்குப் பிறகுதான் ட்ராம் கிளம்பியது.

நான் கற்பனை செய்தேன் என்று சொல்லலாம், நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் அக்கா நின்றுவிட்டார். மெதுவாக, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "ரெண்டு தரம் ஊதினது என்னத்துக்கு, தங்கச்சி?"

"ஒண்ணுன்னா நிக்கணும்க்கா. ரெண்டுன்னா போலாம்."

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். டாக்டர் வாசல்வரை எங்களோடு வந்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்தான். அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

இதைக் கேட்கிற எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். உங்கள் அப்பா கண்டக்டரா? தாத்தா கண்டக்டரா? செத்துப்போன யாராவது? இல்லை. அப்பா தாலுகா ஆபீஸ் கிளார்க், நன்றாக இருக்கிறார். செந்தில் வீட்டில் எல்லாரும் வாத்தியார்கள். போனில் ஒன்றுவிட்ட சித்தப்பா வரை விசாரித்துவிட்டேன். எங்கள் இரண்டு குடும்பத்திலும் பஸ்ஸில் வேலை பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. அப்படி யாராவது இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

செந்திலிடம் பிரேக்கைப் பற்றி மட்டும் ரொம்ப நாள் சொல்லவில்லை. குழந்தையை விட்டுவிட்டு இறங்கினேன் என்று சொல்வதற்கே நான்கு நாள் ஆனது. அவர் கோபப்படவில்லை. "டென்ஷன்ல இருந்திருப்பம்மா. ட்ராம்ல மணி அடிக்கும்ல, அதுவா இருக்கும்" என்றார். மணிக்கும் விசிலுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? இருந்தாலும் ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்றும் தோன்றும்.

இப்போது இனியாவுக்கு நான்கு வயது. இன்னும் ஊருக்கு ஒரு தடவைகூட அழைத்துப் போகவில்லை, சென்னை பஸ்ஸில் ஏறின நினைவு அவளுக்கு இருக்க வழியே இல்லை. அவள் பேசின முதல் வார்த்தை அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, "ரை, ரை". ஜெர்மனில் 'உள்ளே' என்பதற்கு 'ரைன்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது, பக்கத்து வீட்டுக் குழந்தைகளிடம் கற்றுக்கொண்டிருப்பாள் என்றார் செந்தில். இருக்கலாம். ஆனால் அவள் அதை உள்ளே போகும்போது சொன்னதே இல்லை. ட்ராமிலிருந்து இறங்கியபின்தான் சொல்வாள். நடக்கத் தொடங்கியபிறகு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. இறங்கியதும் திரும்பி, உள்ளங்கையை விரித்து, நம் ஊரில் பஸ்ஸைக் கிளப்பத் தட்டுவார்களே, அதேபோல் ட்ராமின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டுவாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றைக்கு அவளை வெளியே எடுத்த பிறகு நான் எந்த ட்ராமையும் தட்டியதே இல்லை.

போன மாதம் கையெல்லாம் அழுக்காகிறதே என்று, இறங்கியதும் அவளை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். தட்ட விடவில்லை. கதவு மூடியது. ட்ராம் போகவில்லை. உள்ளே இருந்தவர்கள் தலையை நீட்டி முன்னால் பார்த்தார்கள். டிரைவர் பக்கக் கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. இனியா துள்ளினாள், "அம்மா, எறக்கி விடு, பாவம் நிக்கிறாங்க" என்றாள். இறக்கிவிட்டேன். ஓடிப்போய் இரண்டு தட்டுத் தட்டினாள்.

ட்ராம் கிளம்பியது.

சிக்னல் சிவப்பாக இருந்திருக்கும் என்கிறார் செந்தில். இருந்திருக்கலாம். நான்தான் சிக்னலைப் பார்க்கவில்லை. இனியா நிமிர்ந்து பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்த அந்தக் கடைசி வாசலைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே யாரும் இல்லை.