மொட்டும் வாடலும்

அறுபதுகளின் இறுதியில் கொடைக்கானலில் தமிழாசிரியனாக இருந்தேன். மதுரையைச் சேர்ந்த ஓர் அம்மையாரின் பங்களாவில் பின்கட்டு எனக்கு வாடகைக்குக் கிடைத்திருந்தது. அங்கே தோட்டவேலை பார்த்தவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மனைவியோடு திரும்பி வந்தவர். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. ஆவணியில் தாம் வரும்போது வாயிற்பாதையோரத்து லில்லிப் பாத்தி மனத்துக்குப் பிடித்திருக்க வேண்டும், இல்லையேல் பாலசமுத்திரத்திலிருந்து வேறொருவரை அமர்த்திவிடுவதாக அம்மையார் சொல்லிச் சென்றிருந்தார். வேலை போனால் அந்தக் கணவன் மனைவி தங்கியிருந்த அறையும் போய்விடும்.

அந்த லில்லி காலையில் விரிந்து அன்றிரவே சுருங்கிவிடும் இனம். ஒரே தண்டில் நேற்றைய வாடலும் இன்றைய மலரும் நாளைய மொட்டும் நெருங்கி நிற்கும். வாடியவற்றை அன்றாடம் கிள்ளாவிட்டால் பாத்தியே அழுகினாற்போல் தோன்றும்.

அம்மையார் வருவதற்கு முதல்நாள் பிற்பகலில் தோட்டக்காரரின் மனைவிக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. அவரை மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்ட கணவர் என் கதவைத் தட்டினார்.

“வாத்தியாரய்யா, தொரைசாணி நாளைக்கு வெள்ளனே வந்துருவாங்க. வாடுன பூவ மட்டும் கிள்ளி விட்டுருவீங்களா? தொட்டுப் பாருங்க, கொழகொழன்னு இருக்கும். அதுதான்.”

“கவலைப்படாமல் போய்வாருங்கள்” என்றேன்.

அரும்பு முதல் செம்மல் வரை பூவின் ஏழு பருவங்களை ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லிக்கொடுப்பவனுக்கு இதுவும் ஒரு வேலையா என்றிருந்தது. குளிருக்கு அஞ்சிக் கம்பளிக் கையுறையைக் கழற்றாமலே கத்தரிக்கோலோடு இறங்கினேன். மூடுபனி எல்லாவற்றையும் நனைத்திருந்தது. நீண்டு பருத்துக் கூம்பியிருந்தவற்றையெல்லாம் வாடியவை என்று கண்ணளவில் முடிவுசெய்து நறுக்கினேன். பாத்தி துப்புரவாயிற்று.

குப்பைக்குழியருகே கூடையைக் கவிழ்க்கும்போதுதான் கையுறையைக் கழற்றினேன். விரலில் பட்டது விறைப்பாக இருந்தது. பிரித்துப் பார்த்தேன், உள்ளே கசங்காத மஞ்சள் இதழ்கள். அடுத்ததும் அப்படியே. மறுநாள் மலர வேண்டியவற்றில் பெரும்பகுதி குழியில் கிடந்தது.

 பொறுக்கியெடுத்துத் தட்டுநீரில் மிதக்கவிட்டேன். விடிந்தபோது சில அரைகுறையாக விரிந்திருந்தன. வேறு வழி தோன்றாமல் அவற்றைத் தையல்நூலால் தண்டுகளில் கட்டத் தொடங்கினேன். ஒரு முடிச்சும் சரியாக நிற்கவில்லை.

“என்னங்கய்யா இது, பூவுக்குத் தாலியா கட்டுறீங்க?”

பின்னால் தோட்டக்காரர். கேட்டுக்கொண்டே குனிந்தவர் வெட்டுண்ட காம்புகளைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார். “போச்சு” என்றார், மெல்ல.

நூலை அவிழ்த்து முடிக்கவும் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அம்மையார் பாத்தியைப் பார்த்தார்.

“பூவே இல்லையே! மூணு மாசமா என்னய்யா செஞ்சே?”

நான் குறுக்கிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தமிழ் வாத்தியார் நீங்க. மொட்டு எது, வாடினது எதுன்னு தெரியாதுன்னா நான் நம்பணுமா? அவனுக்காகப் பரிஞ்சு பேசாதீங்க.”

என் கல்வி அந்த மனிதருக்கு எதிர்ச்சாட்சியாக வந்து நிற்கும் என்று நான் எண்ணியதே இல்லை. தோட்டக்காரர் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள்” என்றேன்.

நான் வெட்டாமல் விட்ட ஒரு தண்டை அம்மையார் சுட்டினார். அதில் கூம்பிய இரண்டு, ஈரம் சொட்ட நின்றன. “தொடாம சொல்லுங்க. வாடினது எது?”

நெடுநேரம் நோக்கினேன். சரியாகச் சொல்லிவிடுவேனோ என்று அஞ்சியது வாழ்வில் அன்று ஒருநாள்தான். இடப்புறத்ததைக் காட்டினேன். தோட்டக்காரர் அதைக் கிள்ளிப் பிரித்தார். மஞ்சள், புத்தம் புதியது.

“இன்னொரு தடவை” என்று அம்மையார் வேறு தண்டைக் காட்டினார். அதிலும் மொட்டையே காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. “நீ இருய்யா” என்றார் தோட்டக்காரரிடம். “இவர் மட்டும் இனிமே பாத்திப் பக்கம் வரக்கூடாது.”

அம்மையார் உள்ளே போனார்.

“நெசமாவே தெரியலீங்களாய்யா?” என்று தோட்டக்காரர் கேட்டார்.

“தெரியவில்லை.”

“நல்லவேளை” என்றவர், மனைவிக்குக் கஞ்சி கொண்டுபோக வெரசாக நடந்தார்.