மேலே நிற்பவனிடம் சொல்லாத சேதி

சோளக்காட்டுச் சந்தையில் பூங்குழலியைத் தெரியாதவர்கள் குறைவு. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே சாக்கை விரித்து, பலாப்பழம், மலைவாழை, மிளகு என்று அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளிடம் வாய் கொடுத்து மீள முடியாது. பழத்தை எடுத்து எடுத்து மோந்து பார்த்துவிட்டு வைக்கிறவரைப் பார்த்து, "ஏனுங்க, வாசத்துலயே வயிறு நெறஞ்சு போச்சுங்களா?" என்று கேட்டுவிடுவாள். அப்படிப்பட்ட வாய் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. அந்தப் பூட்டு எப்படி விழுந்தது என்பதுதான் இந்தக் கதை.

மலையில் நாடு என்றால் நாலைந்து ஊர்கள் சேர்ந்தது. வளப்பூர் நாட்டில் பிறந்து பைல் நாட்டுக்குக் கல்யாணமாகி வந்தவள் அவள். புருஷன் பூபதி. மிளகு பறிப்பதில் அவனை அடித்துக்கொள்ள அந்தச் சுற்று வட்டாரத்தில் ஆளில்லை. சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிக்கொண்டு மிளகுக்கொடி உச்சிவரை போயிருக்கும். ஒற்றை மூங்கிலை மரத்தில் சாத்தி, கணுவில் விட்டிருக்கிற முளைக்கட்டையில் கால் பெருவிரலை ஊன்றி அவன் ஏறுகிற அழகைப் பார்க்கத்தான், காட்டில் களை பறிக்கிற பெண்கள் இடுப்பை நிமிர்த்துவார்கள். பூங்குழலிக்கு அதில் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு.

அவர்கள் ஊர் மிளகுக்காட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மரத்தின்மேல் நிற்கிறவனிடம் யாரும் சேதி சொல்லக் கூடாது. கெட்ட சேதி மட்டுமல்ல, நல்ல சேதியும்தான். என்ன அவசரமென்றாலும் வந்தவர் மரத்தடியில் உட்கார்ந்துவிட வேண்டும். அவன் இறங்கி, இரண்டு காலும் மண்ணில் பட்ட பிறகுதான் வாயைத் திறக்கலாம். மனசு ஆடினால் கை நழுவும். கை நழுவினால் ஆள் மிஞ்ச மாட்டான்.

மகள் யமுனா வயிற்றில் தங்கியது தெரிந்த அன்றைக்குப் பூங்குழலி அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாமியார் அத்தாயி. பூபதியோ பாட்டுப் பாடிக்கொண்டு ஆற அமரப் பறித்துக்கொண்டிருந்தான். இவளுக்குச் சொல்லிவிட வேண்டுமென்று நாக்கு துடித்தது. அத்தாயி அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, "பேசாம இரு புள்ள. பத்து மாசம் பொறுக்கப் போறவ, ஒரு மரம் பறிக்கிற வரைக்கும் பொறுக்க மாட்டயா?" என்றாள். அவன் இறங்கியதும் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவன் ஒன்றும் விளங்காமல் விழித்ததை நினைத்து நினைத்து அந்த வீட்டில் பல வருஷம் சிரித்தார்கள்.

அப்புறம் கொடிகளுக்கு வாடல் நோய் வந்தது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் தோட்டம் தோட்டமாகக் காய்ந்து போயிற்று. ஏறுவதற்கு மரம் இருந்தது, பறிப்பதற்கு மிளகு இல்லை. அந்தச் சமயத்தில்தான் அடிவாரத்துப் பிரேம் லீவில் வந்தான். கத்தாரில் சாரம் கட்டுகிற கம்பெனியில் இருப்பவன். உயரத்துக்குப் பயப்படாத ஆள் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வார்கள் என்றான். பூபதி யோசித்தான், சாப்பிடாமல் இரண்டு நாள் சுற்றினான், கடைசியில் சரியென்றான். கிளம்புகிற அன்று பஸ்ஸில் ஏறிய பிறகும் ஜன்னல் வழியாக யமுனாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். டிரைவர்தான், "தம்பி, ஒண்ணு புள்ளையை உள்ள இழு, இல்ல கையை விடு" என்றார்.

அவன் முதல் போட்டோ அனுப்பினான். தலையில் மஞ்சள் தொப்பி, இடுப்பில் பெல்ட், கால்மாட்டில் வானம். அத்தாயிக்குத் தலைகால் புரியவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். "பாத்தீங்களா, என்ற மவன் ஆகாசத்துல நிக்கறான்!" சந்தைக்கு வருகிறவர்கள், பஸ் கண்டக்டர், யாரையும் விட்டு வைக்கவில்லை. பூங்குழலி மட்டும் அந்தப் போட்டோவைப் பார்க்கிறபோதெல்லாம் இடுப்புப் பெல்ட்டைத்தான் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பாள்.

வீட்டில் டவர் கிடைக்காது. சாயங்காலம் ரோட்டு வளைவுக்கு ஏறிப்போய்த்தான் பேச வேண்டும். பூங்குழலி யமுனாவைக் கூட்டிக்கொண்டு போவாள், அத்தாயியும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள். அவள் மகனிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "எறங்கிட்டயா சாமி?" அவன் "எறங்கிட்டேம்மா" என்றால் போதும். போனைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்துவிடுவாள்.

மாசி மாதத்தில் அத்தாயிக்குச் சோறு இறங்கவில்லை. கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது, கூட்டிப்போய் நன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு பூங்குழலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அத்தாயி அழவில்லை. வீட்டுக்கு வந்து பாயில் படுத்தவள் மருமகள் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அவங்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு கண்ணு."

"அத்தை, அவிய ராத்திரிக்கு எறங்கீர்றாங்கல்லங்க. எறங்கின பொறவு சொல்லலாமுங்க."

"எறங்குனவன் விடிஞ்சா மறுபடியும் ஏறோணுமல்லோ? மனசுல இதை வெச்சுட்டு ஏறுவானா? நான் சாகறவ. அவனைக் கொன்னுட்டுச் சாகச் சொல்றயா?"

பூங்குழலி சத்தியம் செய்தாள். பக்கத்தில் நின்ற சின்ன மாமனார் அர்த்தனாரியும் தலையை ஆட்டினார். அவரும் மரம் ஏறிப் பிழைத்தவர்தான். யமுனாவையும் உட்கார வைத்துச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற குழந்தை, அப்பாவோடு பேசும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு பேசப் பழகியது. அந்தக் கொடுமையை என்னத்தைச் சொல்ல?

"அம்மா வரலையா?" என்று பூபதி கேட்பான். மூட்டுவலி, ரோட்டுக்கு ஏற முடியவில்லை என்பாள். பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் அத்தாயி பாயிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்பாள்.

"எறங்கிட்டானா?"

"எறங்கிட்டாங்க அத்தை."

அதைக் கேட்ட பிறகுதான் ஒரு வாய்க் கஞ்சி உள்ளே போகும்.

ஆனி கடைசியில் அத்தாயி ஒரு பிடி எலும்பாக ஆகிவிட்டாள். கண் மட்டும் வாசல் பக்கமே இருந்தது. யாராவது நடந்து வருகிற சத்தம் கேட்டால் கழுத்தைத் திருப்புவாள். மகனை வரச் சொல் என்று வாய் கேட்கவில்லை, கண் கேட்டது. பூங்குழலியால் தாங்க முடியவில்லை. சத்தியமாவது ஒன்றாவது, பெற்றவளைக் கடைசியாகப் பார்க்காவிட்டால் அந்த மனுஷன் காலமெல்லாம் வேகுவானே என்று தோன்றியது. அன்று யமுனாவைக்கூடக் கூட்டிக்கொள்ளாமல் தனியாக வளைவுக்கு ஏறினாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு.

மணி அடித்தது. எடுத்தான்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும்…"

"இரு புள்ள, மொதல்ல நான் சொல்லிக்கறேன். நாளையில இருந்து புது டவர். இது வரைக்கும் ஏறுனதெல்லாம் சும்மா. மேல இருந்து பாத்தா லாரி எறும்பாட்டத் தெரியுமாமா. அம்மாகிட்ட சொல்லு, சந்தோசப்படும்." குரலில் அப்படியொரு துள்ளல். "நீ என்னவோ சொல்லோணும்னயே?"

ரோட்டில் பலாப்பழம் ஏற்றிய வண்டி ஒன்று முனகிக்கொண்டு வளைவு திரும்பியது. அது போகும்வரை பூங்குழலி நின்றாள்.

"ஒண்ணுமில்லீங்க. பெல்ட்டு நல்லாப் போட்டுக்குங்க."

ஆடி பிறந்து சில நாளில் அத்தாயி போய்விட்டாள். மகன் செய்ய வேண்டியதை அர்த்தனாரி செய்தார். அடக்கம் முடிந்து வந்த அன்றே சாயங்காலம் பூங்குழலி வளைவுக்குப் போனாள். கண் வீக்கம் தெரியாமலிருக்க வீடியோ வேண்டாம் என்றாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று அவன் கேட்டான். "தூங்கறாங்க" என்றாள். அடிப்பாவி, உன் வாய் வேகாதா என்று தன்னையே திட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். அதற்குப் பிறகு சந்தையில் அவள் யாரையும் சீண்டவில்லை. கேட்ட விலைக்குக் கொடுத்தாள்.

கார்த்திகையில் அவனுக்கு லீவு கிடைத்தது. சேதியை எப்போது சொல்வது என்று வீட்டில் பேசினார்கள். ஏரோப்ளேன் ஏறுகிறவனிடம் சொல்லக் கூடாது என்றார் அர்த்தனாரி, அதுவும் உயரம்தானே. சோளக்காட்டில் இறங்கட்டும், அங்கே வைத்துச் சொல்லலாம் என்று முடிவாயிற்று.

பஸ்ஸிலிருந்து இறங்கினான். ஆள் கொஞ்சம் வெளுத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தான். கையில் ஒரு பெரிய பை. அதைக் கீழே வைப்பதற்கு முன்பே, "அம்மாவுக்குக் கம்பளி வாங்கியாந்தேன் புள்ள. இந்தக் குளிருக்கு ஆகும்" என்றான். பூங்குழலி அவன் காலைப் பார்த்தாள். இரண்டு காலும் மண்ணில் இருந்தன. டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தாள். சொன்னாள்.

அவன் கத்தவில்லை. "எப்ப?" என்றான்.

"ஆடியிலீங்க."

"ஆடியிலயா? அப்போ தூங்கறாங்க, தூங்கறாங்கன்னு சொன்னதெல்லாம்?"

"நீங்க மேல நின்னுட்டிருந்தீங்க. எப்படிங்க சொல்லறது? அத்தைதான் தலையில கை வெச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. நான் ஒருநா சொல்லீரலாம்னு வந்தனுங்க. நீங்க புது டவருன்னு…"

பூபதி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் எங்க புள்ள மேல நின்னேன்?"

அவளுக்குப் புரியவில்லை.

"போன வருஷத் தீவாளிக்கு முன்னாடியே எறக்கிப் போட்டாங்க. மேல போனா தலை சுத்துச்சு. டாக்டரு ஏறக் கூடாதுன்னு எழுதிட்டாரு. அன்னையில இருந்து கேம்ப்புச் சமையக்கட்டுல தட்டுக் கழுவறேன். பிரேம் வேற கேம்ப்புக்குப் போயிட்டான், அவனுக்குங்கூடத் தெரியாது." அவன் உதடு கோணியது. "அம்மா ஊரு பூரா ஆகாசத்துல நிக்கறான், ஆகாசத்துல நிக்கறான்னு சொல்லிட்டிருந்துச்சு. எச்சத் தட்டுக் கழுவறேன்னு எப்படிச் சொல்லுவேன்? புது டவரு, அது இதுன்னு அளந்து விட்டேன். எங்கூடக் கழுவற நேபாளத்துக்காரன் அவங்கப்பனுக்கு முடியலைன்னு போயிட்டு வந்தான். கேட்டா உடுவாங்க புள்ள. நான் தரையிலதான் இருந்தேன். வந்திருப்பேன்."

பூங்குழலிக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. உடனே கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. சந்தை நடுவில் இரண்டையும் செய்ய முடியாமல், அவன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். டீக்கடைக்காரர் மாமியார் போனதற்கு அழுகிறாள் என்று நினைத்து, வாங்கிய டீக்குக் காசு வேண்டாம் என்றார்.

லீவு முழுக்க ஊரார் வந்து வந்து உயரத்தைப் பற்றிக் கேட்டார்கள். அவன் குனிந்துகொண்டே இருந்தான். அவன் பதில் சொல்வதற்கு முன் பூங்குழலி முந்திக்கொண்டு, "அதெல்லாம் கேட்டு அவியளை அழ வெக்காதீங்க, அத்தை நெனப்பு வந்துரும்" என்று ஊர் வாயை அடைத்தாள். செத்துப்போன கொடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கொடி வைத்திருந்தார்கள். அது காய்க்க இன்னும் வருஷங்கள் ஆகும். தட்டுக் கழுவுகிற வேலைக்கே திரும்பிப் போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

போகிற அன்று காலை சோளக்காட்டில் பனி விலகவில்லை. பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. யமுனா அப்பா இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதுவரை அவன் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கப் பயந்தான் என்பது பூங்குழலிக்குத் தெரியும். படியில் ஒரு காலை வைத்தவன் திரும்பினான்.

"ஏம் புள்ள, அம்மா கடைசியா என்னைக் கேட்டுச்சா?"

கேட்டாளா! நினைவு தப்பிய பிறகும், பேத்தி யமுனாவையே யாரென்று தெரியாமல் போன பிறகும், அந்த ஒரு கேள்வி மட்டும் அவள் வாயில் இருந்தது. எறங்கிட்டானா, எறங்கிட்டானா என்று விடிய விடியக் கேட்டாள். எறங்கிட்டாங்க என்று எத்தனை தடவை சொன்னாலும் நம்பாமல் கேட்டாள். மூச்சு அடங்குகிற நேரத்தில்கூட மருமகள் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் போய்விட்டாள்.

பூங்குழலி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் நின்றது பஸ் படியில், தரையிலிருந்து ஒரு முழ உயரம்கூட இல்லை. ஆனாலும் இரண்டு காலும் மண்ணில் இல்லை.

"ஒண்ணும் கேக்கலீங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். கொஞ்சம் நிம்மதியானதுபோல இருந்தது. உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, யமுனாவிடம் நன்றாகப் படிக்கச் சொன்னான்.